அல்பேர்ட்டோ சந்தோஸ் டுமோன்: மூங்கில் விமானம் தந்த மனிதர்



விமானத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ரைட் சகோதரர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவீர்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அதே கேள்வியைப் பிறேசில் நாட்டு மாணவன் ஒருவனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் வேறொரு பெயரைச் சொல்வான். அந்தப் பெயருக்குரியவரே அல்பேர்ட்டோ சந்தோஸ் டுமோன்.

யார் முதல்வர் என்ற வழக்கைத் தீர்ப்பதற்காக இப்பாடத்தை எழுதவில்லை. வீட்டில் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கும் சாதாரண மனிதனும் செய்து பறக்கக்கூடிய விமானம் ஒன்றை உலகுக்கு முதன்முதலில் தந்தவர் இவர். அதை எளிமையாகவே வைத்திருப்பதா, மாற்றி மாற்றிப் பெரிதாக்குவதா என்ற கேள்வி அவர் வாழ்நாள் முழுதும் அவரோடு வந்தது. அவருக்குப் பின் வந்தவர்களில் சிலர் அந்தக் கேள்விக்குத் தவறான விடை எழுதி உயிரையே இழந்தார்கள். அதனால்தான் இவரது வாழ்க்கையைச் சற்று ஆறுதலாகப் படிப்போம்.

இளமைப் பருவம்

சந்தோஸ் டுமோன் 1873 யூலை 20ஆம் திகதி பிறேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் ஹென்றிக் டுமோன் பிரெஞ்சு வம்சாவளியினர், பொறியியலாளர். பின்னர் சாவோ பவுலோ மாநிலத்தில் நிலம் வாங்கிப் பெரிய கோப்பித் தோட்டத்தை உருவாக்கினார்.

கோப்பி என்றதும் உங்களுக்கு வரலாற்றுப் பாடம் நினைவுக்கு வரவேண்டும். 1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அதன்பின் இரு தசாப்தங்களுக்குள் நமது மலைநாட்டுக் கோப்பி அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அதே காலத்தில் பிறேசிலின் கோப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. நமது தோட்டங்கள் பட்டுப்போன அதே ஆண்டுகளில், பூமியின் மறுபக்கத்தில் கோப்பி தந்த செல்வத்தில் ஒரு பிள்ளை வளர்ந்தது. அந்தச் செல்வந்தான் பிற்காலத்தில் பலூனாகவும் வான்கப்பலாகவும் விமானமாகவும் மாறியது.

தந்தையின் தோட்டத்தில் கோப்பியைக் கழுவவும், உலர்த்தவும், தோல் நீக்கவும் இயந்திரங்கள் இருந்தன. அறுவடையை ஏற்றிச் செல்லத் தோட்டத்துக்குள்ளேயே புகையிரதப் பாதை இருந்தது. சிறுவன் அல்பேர்ட்டோ இயந்திரங்களின் பின்னாலேயே திரிந்தான். பன்னிரண்டு வயதளவில் நீராவி எஞ்சினை ஓட்டவும் பழகிவிட்டான். எந்தப் பட்டி தேய்ந்தது, எந்தப் பாகம் அடிக்கடி உடைகிறது என்பதையெல்லாம் கவனித்தான். ஓயாமல் முன்னும் பின்னும் அசையும் பாகங்களே விரைவில் பழுதாகின்றன, சுழலும் பாகங்கள் நீடிக்கின்றன என்பது அவன் அங்கே தன் கண்ணால் கண்டு படித்த பாடம். மிச்ச நேரத்தில் யூல் வேர்ணின் கதைப் புத்தகங்கள்.

தந்தை குதிரையிலிருந்து விழுந்து முடங்கியபோது தோட்டம் விற்கப்பட்டது. 1891இல் குடும்பம் பரிஸ் சென்றது. மறு ஆண்டு தந்தை இறப்பதற்கு முன்னரே மகனுக்குரிய பங்கைக் கொடுத்து, பரிஸ் சென்று பௌதிகம், இரசாயனம், பொறிமுறை ஆகியவற்றைக் கற்கும்படி வழிப்படுத்தியிருந்தார். பதினெட்டு வயது இளைஞன் கையில் பெரும் பணம். அந்தப் பணத்தை அவர் வீண் செலவு செய்யவில்லை என்று எழுத ஆசைதான்; ஆனால் அவரது உடையும் விருந்துகளும் பரிஸ் முழுக்கப் பேசப்பட்டவை! அதேவேளை ஓர் ஆசிரியரை அமர்த்தி ஒழுங்காகப் படிக்கவும் செய்தார்.

பலூனும் வான்கப்பலும்

1898இல் அவர் முதன்முறையாகப் பலூனில் ஏறினார். அதே ஆண்டு தமக்கென ஒரு பலூனைச் செய்வித்தார். அதன் பெயர் பிறேசில். கொள்ளளவு 113 கனமீற்றர் மட்டுமே. அக்காலப் பலூன்கள் இதைவிடப் பல மடங்கு பெரியவை. இவ்வளவு சிறிய பலூன் ஆளைத் தூக்காது என்று பலூன் செய்பவர்களே தயங்கினார்கள். அவர் மெல்லிய ஜப்பானியப் பட்டுத்துணியைத் தேர்ந்தெடுத்து, கயிறு, கூடை என்று ஒவ்வொன்றிலும் எடையைக் குறைத்தார். பலூன் எழுந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் உயரத்தில் குறைந்தவர். எடை சுமார் 50 கிலோகிராம். தம் உடலின் எடையையும் ஒரு பாகமாகக் கணக்கில் சேர்த்தே அவர் எதையும் வடிவமைத்தார். இது பின்னால் மிக முக்கியமாகப் போகிறது.

பலூன் காற்றடிக்கும் பக்கம் போகும். நாம் நினைத்த பக்கம் போகாது. நினைத்த பக்கம் செலுத்த இயந்திரம் வேண்டும். அப்போது மூன்று சில்லு மோட்டார் சைக்கிள்கள் பரிஸில் பிரபலம். (நமது ஆட்டோவின் தூரத்துப் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அதிலுள்ள சிறு பெற்றோல் இயந்திரத்தை வான்கப்பலில் பூட்டினால் அதிர்வு தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம். என்ன செய்தார் தெரியுமா? வண்டியையே ஒரு பூங்காவுக்குக் கொண்டுபோய், மரக்கிளையில் கயிற்றால் தொங்கவிட்டு, இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தார். தரையில் நிற்கும்போது இருந்த அதிர்வு தொங்கும்போது குறைந்தது. சந்தேகம் தீர்ந்தது. செலவு, சில கயிறுகள் மாத்திரம்.

1898 செப்டெம்பரில் அவரது முதலாவது வான்கப்பல் எழுந்தது. ஐதரசன் நிரப்பிய உறைக்குக் கீழே பெற்றோல் இயந்திரம் ஓடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை விஞ்ஞானம் படிக்கும் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதன்பின் இலக்கம் 2, 3, 4 என்று ஒவ்வொன்றாகச் செய்தார். ஒன்றில் கண்ட குறையை அடுத்ததில் திருத்துவது அவரது வழக்கம்.

அப்போது பெற்றோலிய வணிகர் டொய்ச் டி லா மெர்த் 100,000 பிராங்க் பரிசொன்றை அறிவித்திருந்தார். பரிஸின் புறத்தேயுள்ள சென் குளூ மைதானத்திலிருந்து புறப்பட்டு, ஈபிள் கோபுரத்தைச் சுற்றி, 30 நிமிடங்களுக்குள் திரும்பவேண்டும். 1901 ஓகஸ்ட் 8ஆம் திகதி இலக்கம் 5 வாயு கசிந்து சுருங்கி ஒரு ஹோட்டல் கட்டடத்தின் மேல் விழுந்தது. சட்டகம் சுவரில் தொங்க, அதில் இவர் தொங்க, தீயணைப்புப் படையினர் வந்து மீட்டார்கள். அன்றே அடுத்ததைச் செய்யும் வேலையைத் தொடங்கினார். ஒக்டோபர் 19ஆம் திகதி இலக்கம் 6 கோபுரத்தைச் சுற்றித் திரும்பியது. எல்லையைக் கடந்தபோது 30 நிமிடத்துக்கு அரை நிமிடம் மிச்சம். கயிற்றைத் தரையிலுள்ளோர் பிடித்தபோது நேரம் தாண்டியிருந்தது. எதைக் கணக்கில் எடுப்பது என்று நடுவர்கள் வாதாடினார்கள். மக்கள் இவர் பக்கம் நின்றார்கள். ஈற்றில் பரிசு கிடைத்தது. அதை அவர் தம்மோடு உழைத்த தொழிலாளருக்கும் பரிஸின் ஏழைகளுக்கும் பகிர்ந்துவிட்டார்.

கைக்கடிகாரக் கதையும் பலருக்குப் பிடிக்கும். இரு கைகளும் கருவிகளைப் பிடித்திருக்கும்போது சட்டைப்பையிலுள்ள கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை. நண்பர் லூயி கார்ட்டியே 1904இல் இவருக்காக மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். ஆண்கள் கைக்கடிகாரம் கட்டும் வழக்கம் பரவ அதுவும் ஒரு காரணம்.

காற்றைவிடப் பாரமான வாகனம்

1903 டிசெம்பர் 17ஆம் திகதி அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் இயந்திர விமானத்தில் பறந்துவிட்டார்கள். ஆனால் அதைக் கண்டவர்கள் மிகச் சிலரே. ஐரோப்பாவில் பலர் அதை நம்பவுமில்லை.

1906இல் சந்தோஸ் டுமோன் செய்த விமானத்தின் பெயர் 14-பிஸ். முதலில் 14ஆம் இலக்க வான்கப்பலின் கீழே தொங்கவிட்டுச் சோதிக்கப்பட்டதால் அந்தப் பெயர். அவுஸ்திரேலியாவில் லோறன்ஸ் ஹார்கிறேவ் உருவாக்கிய பெட்டிப் பட்டத்தைப் பல சேர்த்து ஒட்டியது போன்ற இறக்கைகள். வால் இருக்கவேண்டிய பகுதி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்குப் பின்பக்கமாகப் பறக்கும் வாத்துப்போல இருக்கும்.

1906 ஒக்டோபர் 23ஆம் திகதி பரிஸ் பகட்டெல் திடலில் மக்கள் முன்னிலையில் அது சுமார் 60 மீற்றர் பறந்தது. பறக்கும்போது பக்கவாட்டில் சரிந்தது. உடனே அந்தக் குறைக்கு மட்டும் ஒரு மருந்து செய்தார். இரு பக்க இறக்கைகளிலும் அசையும் சிறு பலகங்களைப் பொருத்தி, அவற்றின் கயிறுகளைத் தம் உடலோடு இணைத்துக்கொண்டார். உடலைச் சாய்த்தால் பலகங்கள் அசையும். நவம்பர் 12ஆம் திகதி 21.5 செக்கனில் 220 மீற்றர் பறந்து உலக சாதனையாகப் பதிவானது. (ஒக்டோபர் 23, 60 மீற்றர், நவம்பர் 12, 220 மீற்றர். ஆண்டுதோறும் எவராவது ஒருவர் இவ்விரண்டையும் மாற்றி எழுதுகிறார்.)

இனி வரப்போகும் பகுதியே எனக்குப் பிடித்தது. வெற்றி கிடைத்ததும் அவர் என்ன செய்தார்? எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினார். 1907இல் செய்த இலக்கம் 15இல் இறக்கைகளைப் பட்டுக்குப் பதில் ஒட்டுப்பலகையில் செய்தார். இறக்கை அமைப்பும் புதிது. அது தரையில் ஓடும்போதே உடைந்தது. இலக்கம் 16, பாதி வான்கப்பல், பாதி விமானம். அதுவும் சிதைந்தது. 17 பறக்கவில்லை. 18 நீரில் ஓடுவது. பரிஸ் முழுதும் கொண்டாடிய ஒரு மனிதர், ஒரே வருடத்தில் அடுத்தடுத்துத் தோற்றார்.

தும்பி

1907 நவம்பரில் அவர் இலக்கம் 19ஐ வெளியே கொண்டுவந்தார். கண்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஒரே ஒரு மூங்கில் தடி. அதன் முன்பகுதியில் பட்டுத்துணி போர்த்திய ஒற்றை இறக்கை. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சுமார் 5 மீற்றர். பின்னால் சிலுவை வடிவ வால். இறக்கைக்கு மேலே 20 குதிரைவலு இயந்திரமும் விசிறியும். கீழே சைக்கிள் சில்லுகள் போன்ற சில்லுகள். ஓட்டுபவர் இறக்கைக்குக் கீழே தாழ்வாக அமரவேண்டும். முழு விமானத்தின் எடை 56 கிலோகிராம். அது சுமார் 200 மீற்றர் பறந்தது.

மக்கள் அதை டெமுவாசெல் என்று அழைத்தார்கள். பிரெஞ்சு மொழியில் இளம்பெண் என்றும் பொருள், மெல்லிய உடல்கொண்ட தும்பி என்றும் பொருள். நாம் தும்பி என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு சிறு கணக்கு. விமானம் 56 கிலோ, ஓட்டுபவர் 50 கிலோ. ஆகமொத்தம் 106. அதாவது வானில் எழும் எடையில் ஏறத்தாழப் பாதி மனிதனுடையது. 50 கிலோவுக்குப் பதில் 75 கிலோ மனிதர் ஏறினால் மொத்தம் 131. எடை கிட்டத்தட்டக் கால்வாசி கூடிவிட்டது! பெரிய பயணிகள் விமானத்தில் 25 கிலோ ஒரு பயணப்பெட்டி, யாரும் கவனிக்கப்போவதில்லை. தும்பிக்கு அது வேறொரு விமானமாகவே ஆகிவிடுவது.

ஜிந்துப்பிட்டியில் எங்கள் வகுப்பு நடக்கும் மாடியறையில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, அப்படியானால் பெரிய எஞ்சின் பூட்டினால் சரிதானே சேர் என்றான். நல்ல கேள்வி. தெருவிலிருந்து வந்த லொறிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து விடை சொன்னேன். பெரிய இயந்திரம் பாரமானது. அதைத் தாங்கத் தடித்த தடி வேண்டும். தடித்த தடியும் பாரம். இவ்வளவையும் தூக்கப் பெரிய இறக்கை வேண்டும். அல்லது வேகமாக ஓடவேண்டும். வேகமாக ஓடினால் இறங்குவதும் வேகமாகவே நடக்கும். சில்லும் உறுதியாக வேண்டும். அதுவும் பாரம். எங்கே முடியும்? ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம். கலியாண வீட்டுச் செலவுபோல, ஒன்றைக் கூட்டினால் மற்றதெல்லாம் தானாகக் கூடும்.

எடை மட்டுமல்ல, எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். காலிமுகத்திடலில் பட்டம் விட்டவர்களுக்கு இது தெரியும். முச்சை கட்டும் முடிச்சு ஒரு விரல் மேலே கீழே போனால் பட்டம் குத்துக்கரணம் போடும், அல்லது எழும்பவே எழும்பாது. பட்டம் நல்லது, கடதாசி நல்லது, ஈர்க்கில் நல்லது. ஆனால் முடிச்சு இடம் மாறிவிட்டது. விமானத்தில் இதை ஈர்ப்பு மையம் என்ற பெயரில் படிக்கிறீர்கள்.

அந்த மாணவன் கேட்டதைச் சந்தோஸ் டுமோனே செய்து பார்த்தவர்தான். இலக்கம் 19ஐ மாற்றி, அதிக வலுவுள்ள இயந்திரத்தைக் கீழே வைத்து, பட்டி மூலம் மேலேயுள்ள விசிறியைச் சுழற்றப் பார்த்தார். பாரமான பொருள் கீழே இருப்பது நல்லது என்று நமக்கும் தோன்றும். ஆனால் பட்டி, அதற்கான சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் சட்டகம் என்று புதிய தொல்லைகள் சேர்ந்தன. முயற்சி தோற்றது. 1909இல் இலக்கம் 20ஐச் செய்தபோது இயந்திரத்தை மீண்டும் பழைய இடத்துக்கே, இறக்கையின் மேலேயே, கொண்டுபோனார்.

அதற்காகப் பழையதை அப்படியே திரும்பச் செய்தார் என்று எண்ணிவிடாதீர்கள். ஒற்றை மூங்கில் வளைகிறது என்பதை இலக்கம் 19 காட்டிவிட்டது. ஆகவே மூன்று மூங்கில்களை முக்கோணமாக இணைத்தார். இறக்கையின் ஓரங்களைச் சற்று முறுக்கிச் சரிவைத் திருத்தும் கம்பிகளைச் சேர்த்தார். இவை இரண்டும் அவசியமான மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணால் கண்ட காரணம் ஒன்று இருந்தது. கீழே போன இயந்திரத்துக்கு அப்படியொரு காரணம் இருக்கவில்லை.

இலக்கம் 20 அருமையாகப் பறந்தது. அதை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு திடலுக்குப் போவார், பறப்பார், திரும்ப ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். 1909 செப்டெம்பரில் சென் சீரிலிருந்து பியூக் என்ற இடத்துக்குச் சுமார் 8 கிலோமீற்றர் தூரம் பறந்து ஒரு நண்பரைப் பார்க்கப் போனார். இன்று நாம் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் போவதைப்போல என்று எழுதலாம். ஆனால் அவருக்கு அதற்கு ஐந்து நிமிடமளவே பிடித்தது!

வரைபடத்தைக் கையிலெடுத்தவர்கள்

தும்பிக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட்டார். கிளெமோன் பயார் என்ற மோட்டார் நிறுவனம் அதைச் செய்து விற்றது. அமெரிக்காவின் பொப்பியுலர் மெக்கானிக்ஸ் சஞ்சிகை 1910 ஜூன், யூலை இதழ்களில் வரைபடங்களை வெளியிட்டது. தச்சு வேலையும் இரும்பு வேலையும் தெரிந்தவர்கள் தங்கள் வீட்டுப் பின்புறத்தில் விமானம் செய்யத் தொடங்கினார்கள். பரிஸ் நகரின் டென்னிஸ் அரங்குக்குப் பெயர் தந்த றோலண்ட் கரோஸ் பறக்கப் பழகியதும் தும்பியில்தான்.

வரைபடம் கையில் கிடைத்ததும் மனிதன் முதலில் செய்வது என்ன? திருத்துவது. இறக்கையை ஒரு சாண் கூட்டலாமே, ஆசனத்தைச் சற்று வசதியாக்கலாமே, கையிலிருக்கும் எஞ்சினையே பூட்டலாமே என்று மனம் தாவும். வரைபடத்தில் மூங்கிலின் தடிப்பும் கம்பியின் நீளமும் இருக்கும். ஏன் அந்தத் தடிப்பு, ஏன் அந்த நீளம் என்பது இருக்காது. அதற்குப் பின்னால் உடைந்த 15ஆம் இலக்கமும் சிதைந்த 16ஆம் இலக்கமும் இருப்பது வாங்கியவருக்குத் தெரியாது. வடிவமைத்தவரின் 50 கிலோவும் எந்தக் கோட்டிலும் எழுதப்பட்டிருக்காது.

ஆனால் மூல வரைபடம் எப்போதும் சரி என்றும் சொல்லிவிட முடியாது. இதற்கு இன்னொரு பிரெஞ்சுக்காரரின் கதையைச் சொல்லவேண்டும். ஹென்றி மினியே என்பவர் 1933இல் சிறு விமானம் ஒன்றைச் செய்து பறந்தார். 1934இல் அதைச் செய்யும் முறையை நூலாக எழுதினார். அதன் பெயரைத் தமிழில் ஆகாயப் பேன் என்று சொல்லலாம். ஆங்கிலேயர் பறக்கும் தெள்ளு என்றார்கள். பொதிப்பெட்டியை ஆணியடித்து இணைக்கத் தெரிந்தவன் விமானமும் செய்யலாம் என்பது அவரது நம்பிக்கை. பிரான்ஸிலும் பிரித்தானியாவிலும் பெருந்தொகையானோர் செய்யத் தொடங்கினார்கள். பலர் தமக்குக் கிடைத்த பாரமான இயந்திரங்களைப் பூட்டினார்கள்.

பின்னர் விமானங்கள் விழத் தொடங்கின. மூக்கைத் தாழ்த்தியவை நிமிரவே இல்லை. நேரே தரையில் மோதின. உயிர்கள் போயின. செய்தவர்கள் வரைபடத்தை மாற்றியதுதான் காரணம் என்று ஒரு பக்கத்தார் வாதாடினார்கள். 1936இல் இரு நாடுகளிலும் முழு அளவு விமானத்தையே பெரிய காற்றுச் சுரங்கத்துள் வைத்துச் சோதித்தார்கள். விடை எல்லோருக்கும் கசந்தது. முன் இறக்கையும் பின் இறக்கையும் மிக நெருக்கமாக இருந்தன. ஓர் எல்லைக்கு மேல் மூக்குத் தாழ்ந்தபின், ஓட்டுபவர் கைபிடியை இழுத்தால் முன் இறக்கை உயர்வதற்குப் பதில், இரண்டுக்கும் இடையே பாயும் காற்றுப் பின் இறக்கையையே உயர்த்தியது. மூக்கு இன்னும் தாழ்ந்தது. குறை மூல வரைபடத்திலேயே இருந்தது. எழுத்துப் பிசகாமல் செய்தவனுக்கும் அதே ஆபத்து. பின்னர் மினியே அந்தக் குறையைத் திருத்திப் பல வடிவங்களைச் செய்தார், 1965இல் இறந்தார்.

எளிமை வேறு, கண்மூடித்தனமாகப் பிரதி செய்வது வேறு என்பதை இக்கதையில் கவனியுங்கள். சந்தோஸ் டுமோன் ஒவ்வொரு மாற்றத்தையும் தாமே ஏறிப் பறந்து பார்த்தார். விழுந்தால் தாமே விழுந்தார். அவரிடம் காற்றுச் சுரங்கம் இருக்கவில்லை.

நமது நாட்டிலும் இந்தப் பைத்தியம் பிடித்த ஒருவர் இருந்தார். வன்னியில் கை உழவு இயந்திரத்தை லான்ட்மாஸ்டர் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதை 1950களில் வடிவமைத்த பொறியியலாளர் றே விஜேவர்தன, சிறு விமானங்களையும் தாமே வடிவமைத்து, தாமே கட்டி, தாமே ஓட்டினார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்த அவர் 2010இல் காலமானார். அவரைப்பற்றித் தனியாக ஒரு பாடமே எழுதலாம்.

இறுதிக் காலம்

1910 ஜனவரியில் தும்பி ஒன்றில் பறந்தபோது சந்தோஸ் டுமோன் விழுந்தார். பெரிய காயமில்லை. ஆனால் அதே ஆண்டில் நரம்பு நோய் அவரைப் பற்றிக்கொண்டது. முப்பத்தாறு வயதில் பறப்பதை நிறுத்தினார்.

1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியது. கடற்கரை வீட்டில் தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஜெர்மன் உளவாளி என்று அயலவர் சந்தேகித்தார்கள். பொலிஸார் வீட்டைச் சோதனையிட்டனர். பரிஸ் தோளில் தூக்கிக் கொண்டாடிய மனிதர் அவர்! மனம் நொந்து தமது ஆவணங்கள் பலவற்றை எரித்துவிட்டார். விமான வரலாற்றை எழுதுவோர் இன்றும் கவலைப்படும் இழப்பு அது.

பிறேசிலுக்குத் திரும்பி, 1918இல் பெட்ரோபொலிஸ் என்ற மலைநகரில் ஒரு சின்ன வீடு கட்டினார். சமையலறை கிடையாது, சாப்பாடு அருகிலிருந்த ஹோட்டலிலிருந்து வரும். இடம் குறைவு என்பதால் படிகள் செங்குத்தானவை. கால் இடிக்காமலிருக்க ஒவ்வொரு படியிலும் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டார். முதற்படியில் வலது காலைத்தான் வைக்க முடியும்! இன்று அவ்வீடு நூதனசாலை. புகைப்படம் கிடைத்தால் பாருங்கள்; 19ஆம் இலக்கத்தைச் செய்த அதே மூளை அந்தப் படிகளிலும் தெரியும்.

போரில் விமானங்கள் குண்டு வீசியதை அவரால் தாங்க முடியவில்லை. 1926இல், விமானங்களைப் போருக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்யுமாறு சர்வதேச சங்கத்திடம் கோரினார். பலனில்லை. 1928 டிசெம்பரில் அவர் கப்பலில் றியோ துறைமுகத்தை அடைந்தபோது, அவரை வரவேற்கப் பறந்த கடல் விமானம் விழுந்து அதிலிருந்த அனைவரும் இறந்தனர். அந்த விமானத்துக்கு அவரது பெயரே சூட்டப்பட்டிருந்தது. வரவேற்பு விழாவுக்கு வந்தவர் மரண ஊர்வலங்களில் நடந்தார்.

1932இல் பிறேசிலில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரே நாட்டவர்மீது ஒரே நாட்டவரின் விமானங்கள் குண்டு வீசின. நோயாலும் மனவேதனையாலும் நலிந்திருந்த அவர் அவ்வாண்டு யூலை 23ஆம் திகதி குவாறுஜா கடற்கரை நகரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 59. றியோ நகர மையத்திலுள்ள விமான நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது.

அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஆரம்பகால விமானங்களைப் பற்றிய ஓர் ஆங்கில நகைச்சுவைத் திரைப்படம் எடுத்தார்கள், 1965இல் வெளிவந்தது. அதற்காகப் பழைய விமானங்கள் பலவற்றைப் புதிதாகக் கட்டினார்கள். தும்பியும் ஒன்று. கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள், இயந்திரமும் பழையதைவிட நல்லது. ஆனால் அனுபவமுள்ள விமானி ஏறி ஓட்டியபோது தும்பி சரியாக எழவே இல்லை. எங்கே பிழை என்று தேடினார்கள். பிறகுதான் சந்தோஸ் டுமோன் எவ்வளவு சிறிய மனிதர் என்பது நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானங்களையும் இடம் மாற்றி ஓட்டிய அனுபவமுள்ள ஜோன் ஹியூஸ் என்ற பெண் விமானியை அழைத்தார்கள். அவரும் சிறிய உருவம், குறைந்த எடை. அவர் இறக்கைக்குக் கீழே அமர்ந்து இயந்திரத்தை முடுக்கினார். தும்பி தரையை விட்டு எழுந்தது.